ஓர்காக்களைக் காணச் செல்லும் படகு ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பது ஏன்?

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில், 2025 ஜனவரி 1 முதல் ஒரு புதிய விதி நடைமுறையில் உள்ளது. அங்குள்ள கடலில் வாழும் ஒரு குறிப்பிட்ட ஓர்காக் கூட்டத்தை எந்தப் படகும் 1,000 கெஜத்துக்கு, அதாவது சுமார் 914 மீட்டருக்கு, மேல் நெருங்கக் கூடாது என்பதே அந்த விதி. சுற்றுலாப் படகு, மீன்பிடிப்பில் ஈடுபடாத தனியார் படகு, கைத்துடுப்பால் செலுத்தும் கயாக் என அனைத்துக்கும் இது பொருந்தும்.

ஓர்காக்களைக் காண்பதற்காகவே ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வந்து செல்லும் கடற்பகுதி அது. அப்படிப்பட்ட இடத்தில், காண வந்தவர்களைக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தள்ளி நிறுத்தும் சட்டம் ஏன் வந்தது? அப்படியானால் படகில் செல்பவர்கள் எதைத்தான் காண்கிறார்கள்? சியாட்டில், வான்கூவர் ஆகிய நகரங்களில் இந்தியர்கள் பெருமளவில் வசிக்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும் உறவினரும் கோடைக்காலத்தில் விரும்பி மேற்கொள்ளும் பயணங்களில் இதுவும் ஒன்று என்பதால், இக்கேள்விகளுக்கான விடை நம் நாட்டு வாசகர்களுக்கும் பயன்படும்.

சேலிஷ் கடல் எங்கே உள்ளது?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கும் இடையே தீவுகளும் நீரிணைகளும் நிறைந்த உட்கடல் ஒன்று உள்ளது. பியூஜெட் சவுண்ட், ஹுவான் டி ஃபூகா நீரிணை, ஜார்ஜியா நீரிணை ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய இப்பகுதிக்கு, அங்குள்ள பழங்குடி மக்களைக் குறிக்கும் வகையில் சேலிஷ் கடல் என்ற பெயர் 2009-10ஆம் ஆண்டுகளில் அதிகாரபூர்வமாகச் சூட்டப்பட்டது.

இக்கடலின் நடுவே சான் ஹுவான் தீவுக்கூட்டம் அமைந்துள்ளது. ஃபிரைடே ஹார்பர், அனகோர்டெஸ் ஆகிய அமெரிக்க ஊர்களிலிருந்தும், விக்டோரியா, வான்கூவர் ஆகிய கனடிய நகரங்களிலிருந்தும் திமிங்கலங்களைக் காட்டும் படகுகள் புறப்படுகின்றன. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பருவகாலம். ஒரு பயணம் பொதுவாக மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை நீடிக்கும்.

ஓர்கா திமிங்கலமா, டால்பினா?

ஓர்காவுக்கு 'கொலையாளித் திமிங்கலம்' என்ற பெயரும் உண்டு. ஆயினும், உயிரியல் வகைப்பாட்டின்படி அது டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் மிகப் பெரியதும் அதுவே. முழுமையாக வளர்ந்த ஆண் ஓர்கா எட்டு மீட்டர் வரையிலும் அதற்கு மேலும் நீளமுடையது. அதன் முதுகுத் துடுப்பு மட்டுமே ஓர் ஆளுயரத்தை, சுமார் 1.8 மீட்டரை, எட்டக்கூடும்.

ஓர்காக்களின் குடும்பம் தாய்வழிக் குடும்பம். சேலிஷ் கடலில் மீனுண்டு வாழும் ஓர்காக்களில் மகனும் மகளும் வாழ்நாள் முழுவதும் தாயின் அருகிலேயே இருக்கின்றனர். கருவுறும் வயதைக் கடந்த பின்னரும் பெண் ஓர்காக்கள் பல பத்தாண்டுகள் உயிர் வாழ்கின்றன. சால்மன் மீன் குறைவாகக் கிடைக்கும் ஆண்டுகளில், இந்தப் பாட்டிகளே முன்னால் நீந்திக் கூட்டத்தை வழிநடத்துவதாக 2015இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. எங்கே, எப்போது மீன் வரும் என்ற அறிவு அவற்றின் நினைவில் சேமிக்கப்பட்டுள்ளது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஒரே கடல், இரண்டு இனங்கள்

படகில் ஏறும் பயணி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சேலிஷ் கடலில் காணப்படும் ஓர்காக்கள் அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதாகும்.

முதல் வகை, 'தெற்கத்திய நிலைவாழ் ஓர்காக்கள்'. ஜே, கே, எல் என்ற மூன்று குழுக்களாக இவை அறியப்படுகின்றன. இவை மீன் மட்டுமே உண்பவை. அதிலும் சினூக் என்ற பெரிய, கொழுப்பு மிகுந்த சால்மன் மீனையே கோடையில் தேடித் தேடி உண்கின்றன. 1,000 கெஜ விதி பாதுகாப்பது இவற்றைத்தான்.

இரண்டாம் வகை, 'பிக்ஸ் ஓர்காக்கள்'. 1970களின் தொடக்கத்தில் ஒவ்வொரு ஓர்காவையும் புகைப்படத்தின் மூலம் தனித்தனியே அடையாளம் காணும் முறையை உருவாக்கிய கனடிய விஞ்ஞானி மைக்கேல் பிக் நினைவாக இப்பெயர் வழங்குகிறது. இவை மீனைத் தீண்டுவதில்லை. கடல்நாய், கடற்சிங்கம், சிறு டால்பினைப் போன்ற பார்ப்பாய்ஸ் ஆகிய பாலூட்டிகளே இவற்றின் உணவு. சிறு சிறு குடும்பங்களாகப் பிரிந்து, ஓசையின்றி வேட்டையாடுபவை இவை.

இவ்விரு வகைகளும் ஒரே நீரில் நீந்தினாலும் ஒன்றுடன் ஒன்று இணைவதில்லை. ஒன்றின் 'மொழி' மற்றொன்றுக்கு இல்லை. இவற்றின் மரபுவழி 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டதாகக் கணிக்கப்படுகிறது. இவற்றைத் தனித்தனி உயிரினங்களாகவே கருத வேண்டும் என 2024இல் வெளியான அறிவியல் ஆய்வொன்று பரிந்துரைத்தது.

இவ்விரண்டின் இன்றைய நிலையும் நேர் எதிரானது. அமெரிக்காவில் 1972இல் இயற்றப்பட்ட கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாகக் கடல்நாய்களும் கடற்சிங்கங்களும் பெருகின. அவற்றை உண்ணும் பிக்ஸ் ஓர்காக்களும் பெருகின. சால்மன் மீன்களோ குறைந்தன. அவற்றை நம்பிய தெற்கத்திய ஓர்காக்களும் குறைந்தன. 2024 ஜூலை கணக்கெடுப்பில் அவற்றின் எண்ணிக்கை 73 மட்டுமே. உலகில் வேறெங்கும் இவற்றின் கூட்டம் இல்லை.

படகோட்டி எப்படி வேறுபடுத்துகிறார்?

தொலைவில் ஒரு கரிய துடுப்பு தெரிந்தவுடன், அது எந்த வகை என்பதை அறிந்த பின்னரே படகோட்டி அணுகலாமா, விலகலாமா என முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க நீர்ப்பரப்பில் பிக்ஸ் ஓர்காவை 200 கெஜம், அதாவது சுமார் 183 மீட்டர், தொலைவு வரை அணுகலாம். தெற்கத்திய ஓர்காவாக இருந்தால் அதைப்போல் ஐந்து மடங்கு தொலைவு விட வேண்டும். ஆகவே, அடையாளம் காணும் திறன் இப்போது சட்டத்தைப் பின்பற்றுவதற்கான முதல் தேவையாகிவிட்டது.

இதற்குச் சில குறிகள் உள்ளன. பெண் ஓர்காக்களில், பிக்ஸ் வகையின் முதுகுத் துடுப்பு நுனி கூர்மையாகவும், தெற்கத்திய வகையில் நுனி சற்றே வளைந்து உருண்டும் இருக்கும். துடுப்புக்குப் பின்னால் சேணம் போன்ற சாம்பல்நிறத் திட்டு இரு வகைக்கும் உண்டு. பிக்ஸ் வகையில் அது முழுவதும் சாம்பல் நிறமாக இருக்கும். தெற்கத்திய வகையில் பலவற்றுக்கு அத்திட்டுக்குள் கருநிறக் கீற்று ஊடுருவியிருக்கும். ஒவ்வோர் ஓர்காவின் திட்டும், துடுப்பிலுள்ள வெட்டுகளும், கைரேகையைப் போலத் தனித்தன்மை வாய்ந்தவை. பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் தொலைநோக்கியில் பார்த்தே எந்தக் குடும்பம் என்று கூறிவிடுவதுண்டு.

ஓர்கா இல்லாத நாளிலும் வெறுங்கடல் அல்ல

ஓர்கா தென்படும் என்று எந்தப் படகும் உறுதி கூற முடியாது. ஆயினும், இப்பயணம் ஓர்காவோடு முடிவதில்லை.

வேட்டையால் இக்கடற்பகுதியிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோயிருந்த கூன்முதுகுத் திமிங்கலங்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்து மீண்டும் வரத் தொடங்கின. இன்று அவை வழக்கமான விருந்தினர். சிறிய உடலுடைய மிங்கி திமிங்கலங்களும் மேய்வதுண்டு. பாறைத் திட்டுகளில் ஸ்டெல்லர் கடற்சிங்கங்கள் கூட்டமாகப் படுத்து உறுமிக்கொண்டிருக்கும். கரையோரப் பாறைகளில் புள்ளிகள் கொண்ட கடல்நாய்கள் வெயில் காயும். மரங்களின் உச்சியில் வெண்தலைக் கழுகுகள் கூடு கட்டியிருக்கும். செவ்வலகும் கரிய உடலும் கொண்ட சிப்பிபிடிப்பான் பறவைகள் அலை மோதும் பாறைகளில் இரை தேடும். ஸ்மித் தீவின் அருகே, கொண்டையுடைய பஃபின் பறவையைக் காணும் நல்வாய்ப்பும் சிலருக்குக் கிட்டும். கெல்ப் எனப்படும் மிக நீண்ட கடற்பாசிகள் கடலடியிலிருந்து காடு போல எழுந்து மேற்பரப்பில் படர்ந்திருக்கும். சிறு மீன்கள் அவற்றிடையே அடைக்கலம் புகுகின்றன.

இவற்றுக்கும் தொலைவு விதிகள் உண்டு. படகு நெருங்கினால் கடல்நாய்கள் அஞ்சிப் பாறையிலிருந்து நீரில் பாய்ந்துவிடும். குட்டி ஈனும் கோடைக்காலத்தில் அவ்வாறு நேர்ந்தால் தாயும் குட்டியும் பிரிந்துபோக வாய்ப்புண்டு.

ஓசைதான் உண்மையான தடை

தொலைவு விதிக்கான அடிப்படைக் காரணம், படகு ஓர்காவின் மீது மோதிவிடும் என்ற அச்சம் மட்டும் அன்று. முதன்மையான காரணம் ஓசை.

கடலுக்கடியில் ஒளி சிறிது தொலைவே செல்லும். ஒலியோ நெடுந்தொலைவு செல்லும். எனவே ஓர்கா காதால் வேட்டையாடுகிறது. 'டிக், டிக்' என்ற நுண்ணிய ஒலிகளைத் தொடர்ந்து எழுப்பி, அவை மீனின் உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு, மீன் எங்கே உள்ளது, எவ்வளவு பெரியது என்பதை அறிகிறது. குடும்பத்தினர் ஒருவரையொருவர் அழைக்கவும் ஒலியே துணை. இருளான நீரில் நூறு மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஒரு சினூக் மீனைத் துரத்திப் பிடிக்கும் ஓர்காவுக்கு, மேலே ஓடும் படகு இயந்திரத்தின் இரைச்சல், நாம் விளக்கொளியில் ஊசி தேடும்போது ஒருவர் விளக்கை மறைத்து நிற்பதற்கு ஒப்பானது.

இது வெறும் ஊகம் அன்று. சுற்றுப்புற இரைச்சல் ஒரு டெசிபெல் கூடினால், தெற்கத்திய ஓர்காக்களும் தங்கள் அழைப்பொலியை ஏறக்குறைய ஒரு டெசிபெல் உயர்த்துகின்றன என 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. சந்தைக்கடையில் நாம் உரத்துப் பேசுவது போல அவையும் கத்திப் பேச வேண்டியிருக்கிறது.

பின்னர், ஒட்டுறிஞ்சிகளால் சில மணி நேரம் மட்டும் முதுகில் ஒட்டிக்கொள்ளும் கருவிகளைப் பொருத்தி, ஓர்கா எழுப்பும் ஒலியையும் அதன் அசைவுகளையும் ஒருசேரப் பதிவு செய்தனர். அவற்றின் அடிப்படையில் 2021இல் வெளியான ஆய்வு முக்கியமானது. படகுகள் சராசரியாக 400 கெஜத்துக்குள் இருக்கும்போது, ஓர்காக்கள் இரை பிடிக்கும் முக்குளிப்புகள் குறைகின்றன. அவற்றில் செலவிடும் நேரமும் குறைகிறது. குறிப்பாக, பெண் ஓர்காக்கள் இரை தேடுவதையே கைவிடும் வாய்ப்பு அதிகரிக்கிறது என்று அது கண்டறிந்தது.

பெண் ஓர்கா உணவைக் கைவிடுவது ஒரு தனி உயிரின் பசியோடு நிற்பதில்லை. கருவைச் சுமப்பதும், பாலூட்டுவதும், பிடித்த மீனைக் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்வதும் அதுவே. முழுமையாக வளர்ந்த ஓர் ஓர்காவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 18 முதல் 25 பெரிய சால்மன் மீன்கள் தேவை என அமெரிக்கப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் கணக்கிட்டுள்ளது. மீன் ஏராளமாக இருந்தால், தவறவிட்ட ஒரு வேட்டையை அடுத்த மணி நேரத்தில் ஈடு செய்துவிடலாம். மீனே அரிதாகிவிட்ட கடலில் அது இயலாது.

98இலிருந்து 73 வரை

தெற்கத்திய ஓர்காக்களின் வீழ்ச்சிக்குப் படகுகள் மட்டுமே காரணம் என்று கூறுவது சரியாகாது. அதன் தொடக்கம் வேறிடத்தில் உள்ளது.

1960களுக்கு முன்பு, மீனவர்கள் ஓர்காவைப் போட்டியாளராகக் கருதிச் சுட்டு வந்தனர். 1964இல் வான்கூவர் மீன்காட்சியகத்துக்காக, சிலை வடிக்கும் மாதிரியாகக் கொல்லப்பட வேண்டிய ஓர் ஓர்கா, ஈட்டி பாய்ந்தும் பிழைத்துக்கொண்டது. 'மோபி டால்' என்று பெயரிடப்பட்ட அது சில மாதங்களே உயிர் வாழ்ந்தது. ஆனால், அதன் சாந்தமான இயல்பு மக்களின் அச்சத்தைப் போக்கியது. அச்சம் விலகிய இடத்தில் வணிகம் நுழைந்தது. காட்சியகங்களுக்காக ஓர்காக் கன்றுகளைப் பிடித்து விற்கும் தொழில் பெருகியது.

1970 ஆகஸ்ட் 8 அன்று விட்பி தீவின் பென் கோவ் விரிகுடாவில் 80க்கும் மேற்பட்ட ஓர்காக்கள் வலைகளால் வளைக்கப்பட்டன. ஏழு இளம் ஓர்காக்கள் காட்சியகங்களுக்கு அனுப்பப்பட்டன; ஐந்து உயிரிழந்தன. அன்று பிடிக்கப்பட்ட டோகிடே என்ற பெண் ஓர்கா, மயாமி நகரத் தொட்டியொன்றில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து, 2023 ஆகஸ்ட் 18 அன்று இறந்தது. ஓர்காக்களை 'அலைகளுக்கு அடியில் வாழும் உறவினர்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கும் லம்மி பழங்குடியினர், அதைப் பிறந்த கடலுக்கே மீட்டுக் கொண்டுவரப் போராடி வந்தனர். அதற்கான திட்டம் அறிவிக்கப்பட்ட சில மாதங்களிலேயே அதன் உயிர் பிரிந்தது.

வாஷிங்டன் கடலில் இந்தப் பிடிப்பு 1976இல் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் கென் பால்கம் என்ற ஆய்வாளர் ஓர்காக்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கும் பணியைத் தொடங்கினார். அவர் நிறுவிய திமிங்கல ஆய்வு மையம் அப்பணியை இன்றும் தொடர்கிறது. தொடக்கத்தில் சுமார் 70ஆக இருந்த எண்ணிக்கை, 1995இல் 98ஆக உயர்ந்தது. அதன்பின் சரிவு. 2003இல் கனடாவும், 2005இல் அமெரிக்காவும் இவற்றை அழியும் நிலையில் உள்ளவை எனச் சட்டப்படி அறிவித்தன.

சரிவுக்கு மூன்று காரணங்கள் முதன்மையாகச் சுட்டப்படுகின்றன. முதலாவது, உணவுக் குறைவு. அணைகள், மரம் வெட்டுதல், நகர விரிவாக்கம், மிகை மீன்பிடிப்பு ஆகியவற்றால் சினூக் சால்மன் குறைந்தது. பியூஜெட் சவுண்ட் பகுதியின் சினூக் மீனே 1999இல் அச்சுறுத்தலுக்கு உள்ளானதாக அறிவிக்கப்பட்டது. இரண்டாவது, நஞ்சு. பல பத்தாண்டுகளுக்கு முன்பே தடை செய்யப்பட்ட பிசிபி போன்ற வேதிப்பொருள்கள் உணவுச் சங்கிலி வழியே ஓர்காவின் கொழுப்பில் சேர்கின்றன. பசியால் அக்கொழுப்பு கரையும்போது நஞ்சு குருதியில் கலக்கிறது, தாய்ப்பால் வழியே கன்றுக்கும் செல்கிறது. மூன்றாவது, படகுகளும் கப்பல்களும் எழுப்பும் இரைச்சல்.

இம்மூன்றும் தனித்தனியே இயங்குவதில்லை. மீன் குறைந்தால் பசி. இரைச்சல் கூடினால் அப்பசி மேலும் கூடும். பசி கூடினால் நஞ்சு வேலை செய்யும். ஓர்காக்களின் கழிவை மோப்பம் பிடிக்கப் பயிற்றுவிக்கப்பட்ட நாயைப் படகின் முனையில் நிறுத்தி, சேகரித்த கழிவிலிருந்து ஹார்மோன்களை ஆராய்ந்த வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, 2008 முதல் 2014 வரை கண்டறியப்பட்ட கருக்களில் 69 விழுக்காடு வரை வெற்றி பெறவில்லை என 2017இல் தெரிவித்தது. உணவுக் குறைவே இதற்கு முக்கியக் காரணம் என்றும் அக்குழு கூறியது.

சால்மன் ஆறுகளை மீட்பதற்குப் பல ஆண்டுகள், சிலவற்றுக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். கடலில் கலந்த நஞ்சை அகற்றுவது அதனினும் கடினம். இரைச்சலை மட்டும் இன்றே, இப்போதே குறைக்க முடியும். இயந்திரத்தை நிறுத்தினால் போதும். தொலைவு விதிக்குப் பின்னால் உள்ள எளிய தருக்கம் இதுவே.

இறந்த கன்றைச் சுமந்த தாய்

இந்த எண்களுக்கு ஒரு முகத்தைத் தந்தது ஜே35 என்ற பெண் ஓர்கா. 'தாலெக்வா' என்பது அதன் பெயர். 2018 ஜூலை 24 அன்று அது ஈன்ற கன்று சிறிது நேரத்தில் இறந்தது. தாய் அந்தச் சடலத்தைத் தலையால் தாங்கி, மூழ்கினால் மீண்டும் முக்குளித்து எடுத்து, 17 நாள்கள், சுமார் 1,600 கிலோமீட்டர் சுமந்து சென்றது. உலகெங்கும் செய்தியான அக்காட்சி, வாஷிங்டன் மாநிலத்தில் படகு விதிகள் கடுமையாக்கப்பட்டதன் பின்னணியில் இருந்த மக்கள் உணர்வுக்கு வலுச் சேர்த்தது.

2020இல் தாலெக்வா ஆண் கன்றொன்றை ஈன்றது, அது பிழைத்தது. 2024 டிசம்பரில் பிறந்த பெண் கன்று பிழைக்கவில்லை. அதன் உடலைத் தாய் மீண்டும் சுமந்து செல்வதை ஆய்வாளர்கள் உறுதி செய்த நாள் 2025 ஜனவரி 1. 1,000 கெஜ விதி நடைமுறைக்கு வந்ததும் அதே நாள்தான்.

விதிகள் படிப்படியாக வந்த விதம்

2011இல் அமெரிக்க மத்திய அரசு, வாஷிங்டன் உட்கடலில் எல்லா ஓர்காக்களிடமிருந்தும் படகுகள் 200 கெஜம் விலகி நிற்க வேண்டும், அவை வரும் வழியை மறித்து நிற்கக் கூடாது என விதித்தது. 2019இல் வாஷிங்டன் மாநிலம், தெற்கத்திய ஓர்காக்களுக்குப் பக்கவாட்டில் 300 கெஜமும், முன்னும் பின்னும் 400 கெஜமும் எனத் தொலைவை உயர்த்தியது. அரைக் கடல்மைலுக்குள் வேகம் ஏழு நாட்டுக்கு மேல் கூடாது என்றும் வரையறுத்தது. அதே ஆண்டில் கனடா, தன் தென்பகுதிக் கடலில் 400 மீட்டர் இடைவெளியைக் கட்டாயமாக்கியது. 2023இல் வாஷிங்டன் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமே இன்றைய 1,000 கெஜ விதி.

ஓர்கா எந்தப் பக்கம் எழும் என்று யாராலும் கணிக்க முடியாது. எனவே, அறியாமல் உள்ளே வந்துவிட்ட படகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சட்டம் கூறுகிறது. 400 கெஜத்துக்கு அப்பால் என்றால், மெதுவாக அவற்றின் வழியிலிருந்து விலக வேண்டும். அதற்குள் நெருங்கிவிட்டால், இயந்திரத்தின் உந்துவிசையைத் துண்டித்து, அவை கடந்து செல்லும்வரை அசையாமல் காத்திருக்க வேண்டும்.

படகுத் தொழிலில் உள்ளோர் இதை முழுமனத்துடன் வரவேற்றனர் என்று சொல்ல முடியாது. தொழில்முறைப் படகுகள் ஓர்காக்களின் அருகே மெதுவாகச் செல்வதால், அவற்றைப் பார்த்து மற்ற தனியார் படகுகளும் வேகத்தைக் குறைக்கின்றன. காவலர் போன்ற அப்படகுகள் விலகிவிட்டால், விதி அறியாத தனியார் படகுகள் ஓர்காக்களின் மீதே பாய்ந்து செல்லக்கூடும் என்பது அவர்களது வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1993 முதல் படகுகளைக் கண்காணித்து அறிவுரை வழங்கிவரும் 'சவுண்ட்வாட்ச்' என்ற தன்னார்வத் திட்டத்தினர் எதிர்கொள்ளும் அன்றாடச் சிக்கலும், விதியை அறியாத தனியார் படகுகளே.

ஆயினும், 914 மீட்டர் தொலைவிலிருந்து வெறுங்கண்ணுக்கு ஒரு துடுப்பு கீறலாகவே தெரியும். எனவே, நடைமுறையில் சுற்றுலாப் படகுகள் தெற்கத்திய ஓர்காக்களைத் தேடிச் செல்வதையே நிறுத்திவிட்டன. இன்று ஒரு பயணி படகிலிருந்து அருகில் காணும் ஓர்கா பெரும்பாலும் பிக்ஸ் வகையே. தொழில் நலிந்துவிடவில்லை, பார்க்கும் உயிர் மாறியிருக்கிறது.

சிறு படகுகளை மட்டும் தள்ளி நிறுத்திவிட்டு, பெருங்கப்பல்களை விட்டுவிட்டால் பயன் பாதிதான். வான்கூவர் துறைமுகத்துக்குச் செல்லும் சரக்குக் கப்பல்கள், ஓர்காக்கள் இரை தேடும் ஹாரோ நீரிணையின் வழியாகவே செல்கின்றன. அத்துறைமுகம் 2017 முதல், கோடைக்காலத்தில் கப்பல்கள் தாமாக முன்வந்து வேகத்தைக் குறைக்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. வேகம் குறைந்தால் இரைச்சலும் குறையும் என்பது அங்கு நீருக்கடியில் வைத்த ஒலிவாங்கிகளால் அளந்து உறுதி செய்யப்பட்டது. பியூஜெட் சவுண்ட் பகுதியில் இதே போன்ற முயற்சி 2022 முதல் நடைபெறுகிறது.

கரையில் நின்றால் இரைச்சல் இல்லை

தெற்கத்திய ஓர்காக்களைக் கண்டே தீர வேண்டும் என்பவர்களுக்கு வழி அடைக்கப்படவில்லை. சான் ஹுவான் தீவின் மேற்குக் கரையில் லைம் கில்ன் பாயிண்ட் மாநிலப் பூங்கா உள்ளது. 1919இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தின் கீழே பாறைகள் நேராக ஆழ்கடலில் இறங்குகின்றன. கரையை ஒட்டியே நீர் ஆழமாக இருப்பதால், சால்மன் மீன்களைத் தொடர்ந்து வரும் ஓர்காக்கள் சில நேரங்களில் பாறைகளுக்கு மிக அருகிலேயே கடந்து செல்கின்றன. பாறையில் அமர்ந்திருப்பவருக்குத் தொலைவு விதி இல்லை. ஏனெனில் அவரிடமிருந்து கடலுக்குள் எந்த ஓசையும் செல்வதில்லை.

காத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே இதிலுள்ள சிரமம். சில நாள்கள் ஒன்றும் வராமல் போகலாம். சால்மன் குறைந்த அண்மைக் கோடைகளில், முன்பு நாள்தோறும் வந்த ஓர்காக்கள் வாரக்கணக்கில் இப்பக்கம் வராமல் இருந்ததும் உண்டு.

இந்தியாவுக்கு இதில் என்ன?

இந்தியக் கடல்களில், அந்தமான், இலட்சத்தீவுப் பகுதிகளில் ஓர்காக்கள் அரிதாகக் காணப்பட்டுள்ளன. அவற்றைக் காண்பதற்கென்று படகுத் தொழில் ஏதும் இங்கு இல்லை. ஆனால், டால்பின்களைக் காட்டும் படகுத் தொழில் உண்டு. ஒடிசாவின் சிலிகா ஏரியில் 150க்கும் மேற்பட்ட ஐராவதி டால்பின்கள் வாழ்கின்றன. சாதபடா பகுதியிலிருந்து புறப்படும் இயந்திரப் படகுகள் அவற்றைத் தேடிச் செல்கின்றன. ஒரு டால்பின் தலை தூக்கியவுடன் பல படகுகள் அதைச் சூழ்வதைக் கட்டுப்படுத்துவதே அங்குள்ள சிக்கல்.

நமது தேசிய நீர்வாழ் விலங்கான கங்கை டால்பினுக்குப் பார்வை ஏறத்தாழ இல்லை. அது முழுக்க முழுக்க எதிரொலியை நம்பியே வாழ்கிறது. பீகார் மாநிலத்தில் கங்கையின் ஓடும் படகுகளின் இரைச்சலை ஆராய்ந்து 2019இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியான இந்திய ஆய்வு, நீர்மட்டம் தாழ்ந்த கோடையில் அந்த இரைச்சல் டால்பின்களை மேலும் வருத்துகிறது என்றும், அதைச் சமாளிக்க அவை கூடுதல் ஆற்றலைச் செலவிட வேண்டியுள்ளது என்றும் காட்டியது. ஆறுகளில் சரக்குக் கப்பல் போக்குவரத்தை விரிவுபடுத்தும் நாட்டுக்கு, சேலிஷ் கடலின் அனுபவம் தொலைதூரத்துச் செய்தி அன்று.

பயணம் செல்வோர் கவனிக்க வேண்டியவை

* பதிவு செய்யும் முன், அப்படகு எந்த வகை ஓர்காக்களைக் காட்டுகிறது, தெற்கத்திய ஓர்காக்கள் எதிர்ப்பட்டால் என்ன செய்யும் எனக் கேட்டறியலாம். வாஷிங்டனில் திமிங்கலம் காட்டும் வணிகப் படகுகளுக்கு மாநில உரிமம் கட்டாயம்.

* 'மிக அருகில் காட்டுகிறோம்' என்ற வாக்குறுதியைச் சிறப்பாகக் கருத வேண்டியதில்லை. விதியை மீறாமல் அவ்வாறு காட்ட இயலாது.

* நல்ல தொலைநோக்கி ஒன்று, படகை நெருக்கச் சொல்வதைவிடப் பயன் தரும். கோடையிலும் கடற்காற்று குளிரும் என்பதால் கம்பளி உடை தேவை.

* படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், அல்லது ஓர்காக்களைக் கண்டும் வேறு திசையில் திரும்பினால், ஏமாற்றம் கொள்ள வேண்டாம். சட்டம் அவரிடம் எதிர்பார்ப்பது அதையே.

* சொந்தமாகப் படகோ கயாக்கோ வாடகைக்கு எடுப்போருக்கும் இதே விதிகள் பொருந்தும். 'எனக்குத் தெரியாது' என்பது விலக்கு ஆகாது.

* நேரம் இருப்பின், ஒரு நாளையாவது லைம் கில்ன் பாறைகளில் கழிக்கலாம். அங்கே கட்டணம் வாகன நிறுத்தத்துக்கு மட்டுமே. ஓர்கா வருமா, வராதா என்பதை ஓர்காவே தீர்மானிக்கும்.